மந்திரவாதி ஏன் மழையை நிறுத்தவில்லை?

காலை 5.50 மணி. வில்லிவாக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. மாடிப்படிக்குக் கீழே பூட்டியிருந்த சைக்கிளை அவள் மெதுவாக வெளியே தள்ளுகிறாள். வெளியே மழை. கொட்டித் தீர்க்கிற மழை இல்லை. இப்போதைக்கு விடப்போவதில்லை என்று பார்த்தவுடனே தெரிகிற மழை.

உடம்பில் அப்பாவின் ரெயின்கோட். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. அச்சகத்து இரவு ஷிஃப்ட்டுக்கு அவர் போட்டுக்கொண்டு போன கோட் இது. அவளுக்கு ரொம்பப் பெரிது. கையை இரண்டு மடிப்பு மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்வாள். மாற்று சுடிதார், டிபன் பாக்ஸ், செல்போன் மூன்றும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில். நான்காவதாக இன்னொரு கவர். அதில் ஒரு புத்தகம்.

வயது 29. எழும்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். ஏழு மணிக்குக் கடை திறக்கும்போதே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். இரவு சாப்பிட்டதோடு சரி, காபிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். பாதிப் பேருக்கு சர்க்கரை. அவர்களைக் காக்கவைக்க முடியாது. அதனால் மழை பெய்தாலும் ஏழு மணி ஏழு மணிதான்.

கொன்னூர் நெடுஞ்சாலையில் ஏறி, அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம், டவுட்டன், வேப்பேரி வழியாக எழும்பூர். சுமார் ஒன்பது கிலோமீட்டர். வெயில் நாளில் 40 நிமிடம். மழையில் 50, சில நாள் ஒரு மணி நேரம்.

பஸ்ஸில் போகலாமே என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஆனால் அவள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். மாறுகிற இடத்தில் கால் மணி நேரம் போனால் ஏழு மணி தவறிவிடும். சைக்கிள் என்றால் நேரம் அவள் கையில்.

ஸ்கூட்டர் போன கதை

போன வருடம் வரை அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது. கடன் கட்டி முடித்து ஆர்.சி. புக் கைக்கு வந்த அதே மாதம், அம்மா ஒருநாள் சொன்னார்.

"பாப்பா, காலண்டர்ல தேதி இருக்குற இடத்துல கறுப்பா நூல் மாதிரி என்னமோ மிதக்குது. தொடைச்சுப் பார்த்தேன், போகல."

அது காலண்டரில் இல்லை, அம்மாவின் கண்ணுக்குள் இருந்தது. பன்னிரண்டு வருட சர்க்கரை. விழித்திரையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் பலவீனமாகி, கசிய ஆரம்பித்திருந்தன. சர்க்கரை நோயில் இது சத்தமில்லாமல் வரும். வலி இருக்காது. பார்வை மங்குவது தெரியும்போது பாதிப்பு ஏற்கெனவே நடந்திருக்கும். அதனால்தான் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.

தினமும் ஊரார் ரத்தத்தை எடுத்து, மூன்று மாத சராசரி சர்க்கரை எவ்வளவு என்று ரிப்போர்ட் அடித்துத் தருகிறவள் அவள். சொந்த அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டத் தோன்றவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை.

லேசர் வைத்தார்கள். கண்ணுக்குள் போடும் ஊசி ஆரம்பித்தார்கள். ஊசி ஒன்றோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. மாத இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். மூன்றாவது ஊசிக்கு ஸ்கூட்டர் போயிற்று.

மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது, 11-ம் வகுப்பில் அரசுப் பள்ளியில் அவளுக்குக் கொடுத்த விலையில்லா சைக்கிள். தெருமுனை பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கடைக்கார அண்ணன் இரண்டு டயர், டியூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் மாற்றினார்.

"ஃபிரேம் நல்லா இருக்கு தங்கச்சி. இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு தீவு

கண் ஆஸ்பத்திரியில் ஊசி போடும் நாள் என்றால் முழு நாளும் போய்விடும். சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரியக் காத்திருந்து, பிறகு ஸ்கேன், பிறகு டாக்டர். அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அவள் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கட்டத்தில் அதுவும் வெறுத்துவிட்டது.

பழைய புத்தகக் கடை ஒன்றில் 60 ரூபாய்க்கு ஒரு ஆங்கிலப் புத்தகம் வாங்கினாள். அட்டையில் கடலும் ஒரு சின்னப் படகும் இருந்தது பிடித்துப்போய் வாங்கியது. 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ'. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் எழுதி, 1968-ல் வந்த ஃபேன்டஸி நாவல். நூற்றுக்கணக்கான தீவுகள் உள்ள ஓர் உலகம். அதில் ஆடு மேய்க்கிற ஒரு பையன் மந்திரவாதி ஆகிற கதை.

அவள் ஆங்கிலம் டிப்ளமா ஆங்கிலம். பக்கத்துக்கு நான்கு வார்த்தை செல்போனில் தேட வேண்டியிருந்தது. இருந்தாலும் கதை இழுத்துக்கொண்டு போனது.

"என்ன புள்ள, படிச்சுக்கிட்டு உனக்கு நீயே சிரிக்கிற?" என்றார் அம்மா, மூடிய கண்ணைத் திறக்காமல்.

அவள் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. பகலில் மதிய இடைவேளையில் பத்துப் பக்கம் படிப்பாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு அந்தப் பத்துப் பக்கத்தைக் கதையாகச் சொல்வாள். சீரியல் சத்தம் மட்டும் கேட்டுப் பழகிப்போன அம்மா, அந்த நேரத்தில் டி.வி-யை நிறுத்திவிடுவார்.

கதையில் ஓர் இடம். பையனைச் சீடனாகக் கூட்டிப் போகிறார் ஓகியான் என்கிற பெரிய மந்திரவாதி. பூகம்பத்தையே அடக்கியவர் என்று அந்தத் தீவே கொண்டாடும் மனிதர். வழியில் மழை. மழையைத் திருப்பிவிடும் மந்திரம் மழை மந்திரக்காரர் எல்லோருக்கும் தெரிந்த சின்ன வித்தைதான். ஓகியான் அதைச் சொல்லவே இல்லை. ஒரு மரத்தடியில் படுத்துத் தூங்கிவிடுகிறார். பையன் புதருக்குள் குறுகி உட்கார்ந்து, நனைந்து, எரிச்சலில் கிடக்கிறான். இவ்வளவு சக்தி இருந்தும் பயன்படுத்தாத ஆளிடம் எதற்குச் சேர்ந்தோம் என்று அவனுக்குத் தோன்றுகிறது.

அம்மாவுக்கும் அதே கேள்வி. "அவர் மந்திரவாதிதானே? மழையை நிறுத்தினா என்ன குறைஞ்சு போயிடும்?"

அதற்கும் கதையில் பதில் இருந்தது. மந்திரவாதிகள் நிறைய இருக்கிற ஊரில் என்ன நடக்கும் என்று அந்த எழுத்தாளர் வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். ஒருவர் தன் தலைக்கு மேல் இருந்த மேகத்தை அடுத்த ஊருக்குத் தள்ளுவார். அங்கிருப்பவர் அதற்கடுத்த ஊருக்குத் தள்ளுவார். பாவம் அந்த மேகம், இங்கும் அங்கும் அல்லாடிக் கடைசியில் கடலுக்கு மேல் போய்த்தான் நிம்மதியாகப் பெய்யும்.

அம்மா சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நம்ம தெரு மாதிரிதான். எதிர் வீட்டுக்காரங்க தரையை ஒசத்திக் கட்டுனாங்க. தண்ணி கீழ் வீட்டுக்குள்ள போச்சு" என்றார்.

புதுக்கோட்டைப் பெண்

அம்மா புதுக்கோட்டை மாவட்டம். பள்ளிக்கூடம் போகாதவர். பத்து வயதிலிருந்தே கல் குவாரியில் கல் உடைக்கப் போனவர். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள்.

எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. சைக்கிள் தெரிந்தால் பெண் யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போவாள், வகுப்புக்கு வருவாள், சந்தைக்குப் போவாள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் அப்போது புதுக்கோட்டையில் சைக்கிள் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பற்றி எழுதியது பிறகு உலகமே படித்த கட்டுரையானது. பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை வாங்கி ஓட்டியவர்களும் இருந்தார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது கூடுதல் வசதி.

அந்த லட்சத்தில் ஒருத்தி அம்மா. அப்போது வயது 20.

"ஊரே வேடிக்கை பார்க்கும். சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறுவோம். விழுந்தா சிரிப்பாங்க. நாங்களும் சிரிப்போம். மறுபடி ஏறுவோம்."

எழுத்து கூட்டத் தெரிந்த பிறகு அம்மா முதன்முதலாகத் தானாகப் படித்த புத்தகம் அம்புலிமாமா. விக்கிரமாதித்தனும் வேதாளமும். முருங்கை மரத்தில் தொங்கும் வேதாளத்தை ராஜா இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். வேதாளம் கதை சொல்லும். கேள்வி கேட்கும். ராஜா வாயைத் திறந்து பதில் சொன்னதும் அது மறுபடியும் மரத்துக்கே போய்விடும். ராஜா மறுபடியும் போவார்.

"அந்த ராஜாவுக்குச் சலிப்பே வராது பாரு. அதுக்காகவே பிடிக்கும்" என்பார் அம்மா. ஒரு பக்கம் படிக்க அம்மாவுக்கு அரை மணி நேரமாகும். அந்த எழுத்துகள்தான் இப்போது கறுப்பு நூல்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

மழை சொல்லிக்கொடுத்த பாடம்

சென்னைக்கு வருட மழையில் பாதிக்கு மேல் தருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும். சைக்கிளில் போகிறவருக்கு அது மூன்று மாதத் தேர்வு.

முதல் வாரத்திலேயே அவள் சில விஷயங்களைக் கற்றுக்கொண்டாள். நீண்ட நாள் கழித்துப் பெய்யும் முதல் மழைதான் ஆபத்தானது. ரோட்டில் ஊறிக் கிடக்கும் ஆயிலும் புழுதியும் சேர்ந்து வழுக்கும். நனைந்த ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது. முதலில் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் பிடிக்கும். அதனால் நிற்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே மெதுவாக அழுத்த ஆரம்பிக்க வேண்டும். அடி தெரியாத தண்ணீருக்குள் சக்கரத்தை விடவே கூடாது. பள்ளமாகவும் இருக்கலாம், மூடி இல்லாத குழியாகவும் இருக்கலாம்.

ரோட்டில் வெள்ளை பெயின்ட் கோடு, சாக்கடை மூடி, மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் போட்டிருக்கும் இரும்புத் தகடு, மூன்றும் ஈரத்தில் சோப்பு மாதிரி. அவற்றின் மேல் திரும்பவும் கூடாது, பிரேக்கும் பிடிக்கக் கூடாது. நேராகப் போய்விட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் துரு.

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் ஆட்கள் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்திய படங்கள் செல்போனில் சுற்றின. பள்ளிகளுக்கு விடுமுறை. பரிசோதனை நிலையத்துக்கு விடுமுறை இல்லை. ஓட்டேரிப் பக்கம் தண்ணீர் நின்ற இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தாள். 7.10-க்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் இரண்டே பேர். அதில் ஒரு பெரியவர், "நனைஞ்சிட்டியேம்மா, முதல்ல துணி மாத்திக்க, நான் இருக்கேன்" என்றார். அந்த வெறும் வயிற்றுக்காரர் சொன்ன "நான் இருக்கேன்" அன்று முழுக்க அவளோடு இருந்தது.

அந்த வாரம் படித்தது டோல்கின் எழுதிய 'தி ஹாபிட்'. 1937-ல் வந்த நாவல். பில்போ என்கிற குள்ளமான ஆள். வீடும் அடுப்பும் சாப்பாடும் இருந்தால் போதும் என்று வாழ்ந்தவர். கைக்குட்டைகூட எடுக்காமல் ஒரு பயணத்துக்குக் கிளம்பிவிடுகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. அடுப்பங்கரையையும் கொதிக்கத் தொடங்கும் கெட்டிலையும் நினைத்து ஏங்குகிறார். அவர் போட்டிருப்பதோ இரவல் வாங்கிய மேலங்கி. அளவு பெரிது.

"உங்க அப்பா கோட்டு மாதிரி" என்றார் அம்மா.

அப்புறம் தினமும் காலையில் கிளம்பும்போது, "பில்போ, கைக்குட்டை எடுத்துட்டியா?" என்று கேட்பது அம்மாவின் வழக்கமாயிற்று.

இரும்புத் தகடு

நவம்பர் மூன்றாவது வாரம். ஓட்டேரியில் மெட்ரோ தடுப்பை ஒட்டி அவள் போய்க்கொண்டிருந்தாள். முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. அவள் ஹேண்டில்பாரைத் திருப்பினாள். சக்கரம் இரும்புத் தகட்டின் மேல் இருந்தது.

மூன்று வாரமாக மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த விதி அந்த ஒரு நொடியில் மறந்துவிட்டது. இடது பக்கமாக விழுந்தாள். முழங்கையும் முட்டியும் சிராய்த்தன. பின்னால் வந்த பைக்காரர் சுதாரித்துக்கொண்டதால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் கழன்றுகொண்ட செயினை மாட்டிக் கொடுத்தார்.

லேபில் கூட வேலை பார்க்கும் அக்கா காயத்தைக் கழுவி மருந்து போட்டுவிட்டார். அன்று காலை 31 பேருக்கு ரத்தம் எடுத்தாள். கை நடுங்கவில்லை. மதியம் புத்தகத்தைத் திறந்தபோதுதான் நடுங்கியது.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் ரெயின்கோட்டை உதறிக் கொடியில் போடுவது அம்மாவின் வேலை. கண் மங்கிய பிறகு அம்மா எதையும் விரலால்தான் பார்ப்பார். இடது கையில் கிழிசல் விரலில் பட்டது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவள் சாப்பிட உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து, இடது முழங்கையைத் தொட்டார். பிளாஸ்திரி.

"எங்க விழுந்த?"

"ஓட்டேரி."

அம்மா தட்டில் ரசம் ஊற்றினார். அன்று கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

காலையில் அவள் கிளம்பும்போது அம்மா முடிவு எடுத்துவிட்டிருந்தார். "செவ்வாய்க்கிழமை ஊசிக்குப் போக வேணாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு ஆயிடுச்சு. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு. அந்தக் காசைச் சேர்த்து முதல்ல ஒரு பழைய வண்டி வாங்கு."

நேரமாகிவிட்டது. பதில் சொல்லாமல் கிளம்பினாள். ஒன்பது கிலோமீட்டரும் மழை. ரெயின்கோட் தொப்பிக்குள் மழைச் சத்தத்தோடு அம்மா சொன்னதும் கேட்டுக்கொண்டே வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று ஊசியை விட்டால் பழைய ஸ்கூட்டர் வரும். வரத்தான் செய்யும். அந்தக் கணக்கு சரியாக வந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

டவுட்டன் சிக்னலில் நின்றபோது, ஊர் ஊராகத் தள்ளப்பட்ட அந்த மேகம் ஞாபகம் வந்தது.

ராத்திரி, டி.வி-யை அவளே நிறுத்தினாள்.

"அம்மா, அந்த மந்திரவாதி மழையை ஏன் நிறுத்தலன்னு கேட்டியே. அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டா அங்க இருக்கிறவங்க மேல பெய்யும். அதுதான் காரணம்."

"அதுக்கென்ன?"

"நீ ஊசியை விட்டா என் மேல பெய்யுற மழை உன் மேல வந்து பெய்யும். ரெயின்கோட்டு போட்டு நான் சமாளிச்சுடுவேன். நீ எதைப் போட்டுச் சமாளிப்ப?"

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "முட்டியில அடி பெருசா?"

"இல்லம்மா. சிராய்ப்புதான்."

"தகட்டு மேல திருப்புனியா?"

"ஆமா."

"கல் குவாரி ரோட்டுல ஜல்லி கிடக்கும். நாங்களும் அப்படித்தான் விழுவோம். திருப்பக் கூடாது. நேரா விட்டுடணும்." கொஞ்சம் பொறுத்து, "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்றார்.

இருட்டில் நடக்கத் தெரிந்தவள்

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த நாள். சென்னையில் விமான நிலையத்தையே மூடினார்கள். அவள் அன்று வேலைக்குப் போகவில்லை. எந்த மழையில் சைக்கிளை எடுக்கக் கூடாது என்று தெரிவதும் சைக்கிள் ஓட்டுவதில் ஒரு பாகம்.

கரன்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்றாவது புத்தகம். லெ குவின் 1971-ல் எழுதிய 'தி டூம்ஸ் ஆஃப் ஆதுவான்'. முதல் புத்தகத்தின் தொடர்ச்சி. அதில் டெனார் என்று ஒரு பெண். குழந்தையிலேயே வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து ஒரு கோயிலுக்குப் பூசாரியாக்கிவிடுகிறார்கள். கோயிலுக்குக் கீழே சுரங்கமும் வளைந்து வளைந்து போகும் வழிகளும். அந்தச் சுரங்கத்துக்குள் விளக்கு கொண்டுபோகக் கூடாது. அந்தப் பெண் சுவரைத் தொட்டும் திருப்பங்களை எண்ணியும் வழி பழகுகிறாள். ஒருநாள் ஒரு மந்திரவாதி விளக்கோடு உள்ளே வந்துவிடுகிறார். வருடக்கணக்காக அவள் நடந்த அந்த இடம், சுவரெல்லாம் படிகம் மின்னும் இடம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

"அவ அதுவரைக்கும் பார்த்ததே இல்லையா?" அம்மா கேட்டார்.

"இல்ல. தொட்டுத்தான் தெரியும்."

"சமையக்கட்டுக்கு இங்கருந்து பதினோரு அடி. உப்பு டப்பா இடது பக்கம், ரெண்டாவது. நானும் எண்ணி வெச்சிருக்கேன்" என்றார் அம்மா. இதை அம்மா அதுவரை சொன்னதில்லை. எண்ண ஆரம்பித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊசி போட்டாகிவிட்டது. டாக்டர் பெரிதாக எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது உங்கள் வேலை, ஊசி எங்கள் வேலை என்றார். இருப்பது என்பது இப்போதைக்குப் பெரிய எழுத்துகள்.

அன்று சாயங்காலம் மழை கொஞ்சம் ஓய்ந்தபோது, அவள் மாதக் காலண்டரில் முடிந்துபோன தாள்களைக் கிழித்தாள். பின்பக்கம் வெள்ளை. லேபில் பாட்டில்களுக்குப் பெயர் எழுதும் தடித்த மார்க்கரை எடுத்தாள். டெனார் கதையைத் தன் சொந்த வார்த்தைகளில், ஒரு தாளுக்கு நான்கே வரியாக, உள்ளங்கை அகல எழுத்தில் எழுதினாள். அறிவொளி வகுப்பில் கரும்பலகையில் எழுதியது போல.

அம்மா தாளை மெழுகுவத்திக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தார். தலையை வலப்பக்கம் திருப்பி, கறுப்பு நூல் இல்லாத ஓர் இடத்தைத் தேடினார்.

"ஒ… ரு… ஊ… ரில்…" நிறுத்தி, மறுபடி பார்த்தார். "ஒரு ஊரில் ஒரு… பெண்… இருந்… தாள்."

நான்கு வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. அவள் உதவிக்குப் போகவில்லை. முடித்ததும் அம்மா கை நீட்டி, "அடுத்த தாள்?" என்றார்.

திங்கட்கிழமை காலை 5.50. புயல் போய்விட்டது. ரோடு இன்னும் ஈரம். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அம்மா படியில் நின்றிருந்தார். கையை நீட்டி ஹேண்டில்பாரைத் தேடிப் பிடித்தார். இரண்டு பிரேக்கையும் ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"முன் பிரேக்கு லூஸா இருக்கு. சாயங்காலம் அந்தத் தம்பி கடையில காட்டு. அதுவரைக்கும் மெதுவாப் போ."

"சரிம்மா."

"கைக்குட்டை?"

எடுத்திருந்தாள்.